கூரைமேல் குடித்தனம்

தட்டைக் கூரையுள்ள வீடொன்றைக் கட்டி முடித்தவர்களுள், ஒருநாள் மாலையேனும் அக்கூரையில் ஏறி நின்று, “இவ்வளவு இடம் வீணே கிடக்கின்றதே” என்று எண்ணாதவர் மிகச் சிலரே. நகரத்தில் காணியின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகின்றது. குடும்பமோ பெருகிக்கொண்டே வருகின்றது. பக்கத்து வளவு பிறருடையது. முன்னால் இருப்பது தெரு. எஞ்சியிருப்பது தலைக்கு மேலுள்ள வெளி ஒன்றே. ஆகவே ஒருவர் கூரையிலே பூஞ்சாடிகளும் நாற்காலிகளும் இட்டு அதனை மாலைநேர மண்டபமாக்குகின்றார். இன்னொருவர் மகளின் திருமணத்தை முன்னிட்டு அதன்மேல் மற்றொரு மாடியை எழுப்புகின்றார். வணிகரோ அங்கே உணவுச்சாலை ஒன்றை அமைத்து, உணவோடு காற்றையும் காட்சியையும் சேர்த்து விற்கின்றார்.

இவ்வாசைகளில் தவறு ஏதுமில்லை. கட்டிட விதிகளை ஆக்கியோரும் இவற்றைத் தவறென்று கூறவில்லை. கூரையில் மனிதர் ஏறுவதையும், கூரைக்கு மேல் மாடி ஏறுவதையும் அவர்கள் முற்றாகத் தடுக்காமல், சில கேள்விகளைக் கேட்டு, அவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே இசைவு தருகின்றனர். அக்கேள்விகள் யாவை, அவை ஏன் எழுந்தன, அவற்றைக் கேளாது விட்ட இடங்களில் நிகழ்ந்தது என்ன என்பவற்றைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

பழமையான கவலை

கட்டிடத்துக்கு விதி வகுப்பது இக்காலத்தவரின் புதுமையன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் பாபிலோனை ஆண்ட ஹமுராபி மன்னனின் சட்டத்தில், வீடு இடிந்து அதன் உரிமையாளன் இறந்தால் கட்டிய கொத்தனுக்கு மரண தண்டனை என்று கூறப்பட்டுள்ளது. அச்சட்டம் விளைவைத் தண்டித்ததேயன்றி, வீட்டை எவ்வாறு கட்டவேண்டும் என்று சொல்லவில்லை.

எவ்வாறு கட்டவேண்டும் என்று சொன்ன மிகப் பழைய விதிகளுள் ஒன்று, வியப்புக்குரிய வகையில், கூரையைப் பற்றியதாகவே அமைந்திருக்கின்றது. விவிலியத்தின் உபாகமத்தில், இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அது காணப்படுகின்றது. புதிதாக வீடு கட்டுபவன் அதன் தளத்தைச் சுற்றிக் கைபிடிச்சுவர் அமைக்கவேண்டும் என்றும், அமைக்காவிடின் அங்கிருந்து விழுந்தவனின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்றும் அது அறிவுறுத்துகின்றது. அந்நாட்டு வீடுகள் தட்டைக் கூரையுடையவை. மக்கள் அங்கே உறங்கினர், தானியம் உலர்த்தினர், விருந்தினரோடு உரையாடினர். மனிதர் நடமாடும் கூரையை வெறுங்கூரையாகக் கருதலாகாது என்ற உண்மை அன்றே உணரப்பட்டுவிட்டது.

மாடிகளை எண்ணி அளவு விதித்ததும் பழைய வழக்கமே. 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், குறுந்தெருக்களில் 2 மாடி, பெயர்பெற்ற தெருக்களில் 3 மாடி, பெருவீதிகளில் 4 மாடி என வீடுகளின் உயரத்தை வரையறுத்தது. சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டும் என்றும், ஒவ்வொரு மாடியிலும் சுவரின் தடிப்பு எவ்வளவாக இருக்கவேண்டும் என்றும் அது பட்டியலிட்டது. மாடியின் எண்ணிக்கையும் சுவரின் தடிப்பும் தெருவின் அகலமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நெருப்புக் கற்பித்த பாடமாகவே கொள்ளலாம்.

கூரையா, மாடியா?

இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான பகுதிகளில், சர்வதேசக் கட்டிட விதிக்கோவை எனப்படும் நூலே கட்டிடச் சட்டத்தின் அடிப்படையாக விளங்குகின்றது. இது முதன்முதலாக 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றது. கூரையைப் பற்றிய அதன் நோக்கு நுட்பமானது. மாணவர்கள் ஊன்றிப் படிக்கத் தக்கது.

ஒரு கட்டிடம் எத்தனை மாடி உயரலாம் என்பதை அக்கோவை இரண்டு செய்திகளைக் கொண்டு தீர்மானிக்கின்றது. அதில் நடைபெறும் அலுவல் யாது என்பது ஒன்று. அது எப்பொருளால் கட்டப்பட்டது, தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மற்றொன்று. தீக்காப்பு இல்லாத மரச்சட்டங்களால் ஆன தொடர்மாடிக் குடியிருப்பு, தானாக நீர் பொழியும் தீயணைப்புக் குழாய்கள் பொருத்தப்பட்டிருப்பினும், 3 மாடிகளுக்கு மேல் எழலாகாது. தீயை மிக நன்றாகத் தாங்கும் முதல்தரக் கட்டுமானத்தாலாகிய குடியிருப்புக்கோ மாடிக்கணக்கில் எல்லையே இல்லை.

இனி, 3 மாடிக் குடியிருப்பு ஒன்றின் கூரையில் குடியிருப்போர் மாலையில் வந்து அமர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அக்கூரை நான்காவது மாடியாகக் கணக்கிடப்படுமாயின் அக்கட்டிடம் சட்டத்தை மீறியதாகிவிடும். விதிக்கோவை அவ்வாறு கணக்கிடவில்லை. மனிதர் பயன்படுத்தும் கூரை, மாடிகளின் எண்ணிக்கையிற் சேராது. அதன் பரப்பும் கட்டிடத்தின் பரப்பளவிற் சேராது. திறந்த வெளியிலே புகை தேங்கி நிற்பதில்லை. தலைக்கு மேல் இடிந்து விழவும் ஒன்றுமில்லை. ஆகையால் சட்டம் இவ்விடத்தில் தாராளமாக நடந்துகொள்கின்றது.

ஆயினும் அத்தாராளத்துக்கு எல்லைகள் உண்டு. கூரைக்கு அடுத்துக் கீழேயுள்ள மாடியில் எவ்வகை அலுவலுக்கு அனுமதி உண்டோ, அவ்வகை அலுவலையே கூரையிலும் நடத்தலாம் என்பது பொதுவிதி. கட்டிடம் முழுவதிலும் தானியங்கித் தீயணைப்புக் குழாய்களும், கூரையிலுள்ளோருக்கும் கேட்கும் எச்சரிக்கைக் கருவியும் இருந்தால் மாத்திரமே இவ்விதி தளரும். மேலும், அக்கூரையைச் சூழ்ந்து நிற்கும் மறைப்புகள் 48 அங்குலத்துக்கு, அதாவது 4 அடிக்கு மேல் உயரலாகாது.

இந்த 4 அடிக் கணக்கில் ஓர் உலகியல் அறிவு பொதிந்திருக்கின்றது. கூரை ஒரே நாளில் மாடியாகிவிடுவதில்லை. முதலில் வெயிலுக்கென்று தகரத்தால் ஒரு பந்தல் எழும். அடுத்த மாரியில் சாரலுக்கென்று பக்கத்தில் ஒரு தட்டி வரும். பின்பு தட்டி சுவராகும். சுவருக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு பூட்டும் வந்து சேரும். எந்தப் படியிலும், “இன்று நாம் ஒரு மாடியைக் கட்டுகின்றோம்” என்று எவரும் நினைப்பதில்லை. இறுதியில், எவராலும் கணக்கிடப்படாத ஒரு மாடி அங்கே நின்றுகொண்டிருக்கும். ஆகவேதான் இவ்விடம்வரை கூரை, இதற்கு மேல் மாடி என்று சட்டம் கோடு கிழித்து நிற்கின்றது.

ஏறியவர் எத்தனை பேர்?

கூரையை மாடியாக எண்ணாத சட்டம், கூரையில் நிற்கும் மனிதரை மனிதராகவே எண்ணுகின்றது. அவர்களைத் தாங்குதல், விழாமற் காத்தல், வெளியேற்றுதல் என மூன்று பொறுப்புகளைக் கட்டிடத்தின்மேல் சுமத்துகின்றது.

முதலாவது பாரம். எவரும் பயன்படுத்தாத சாதாரணத் தட்டைக் கூரையை, பழுதுபார்க்க ஏறுவோரின் பாரத்தை மாத்திரம் மனத்திற் கொண்டு, சதுர அடிக்கு 20 இறாத்தல் தாங்கும்படி அமைத்தால் போதும். வீட்டு அறைக்கு 40 இறாத்தல் வேண்டும். மக்கள் கூட்டமாகக் கூடும் கூரைக்கோ 100 இறாத்தல் வேண்டும். ஆகவே, வெறுங்கூரையாகக் கட்டப்பட்ட ஒன்றில் விருந்து வைப்பவர், அது தாங்குவதற்கென அமைக்கப்பட்ட பாரத்தின் ஐந்து மடங்கை அதன்மேல் ஏற்றக்கூடும். மண்ணிட்டு வளர்க்கும் கூரைத் தோட்டத்துக்கும், மண்ணின் பாரத்தைத் தனியே கணக்கிட்ட பின்னர், இதே 100 இறாத்தல் விதிக்கப்பட்டுள்ளது. 1,000 லீற்றர் கொள்ளும் தண்ணீர்த் தாங்கி நிரம்பி நிற்கும்போது, நீரின் நிறை மாத்திரமே ஒரு மெற்றிக் தொன் ஆகும் என்பதையும் இல்லத்தரசிகள் நினைவிற் கொள்ளல் நன்று.

இரண்டாவது விளிம்பு. உபாகமம் சொன்ன கைபிடிச்சுவர் இங்கே அளவோடு வருகின்றது. பொதுக் கட்டிடங்களில், 30 அங்குலத்துக்கு மேற்பட்ட பள்ளம் உள்ள விளிம்புக்குப் பொதுவாக 42 அங்குல உயரத் தடுப்பு வேண்டும். அத்தடுப்பு கம்பிகளால் ஆனதாயின், கம்பிகளின் இடைவெளி 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையாத அளவினதாக இருத்தல் வேண்டும். குழந்தையொன்று அதனூடே நழுவிவிடலாகாது என்பதே இவ்வளவின் நோக்கம்.

மூன்றாவது வழி. எவரும் வாழாத கூரைக்கு ஏணியோ, சிறு மூடியுள்ள துவாரமோ போதும். மனிதர் பயன்படுத்தும் கூரைக்கு முறையான மாடிப்படி வேண்டும். மேசையும் நாற்காலியும் இட்ட இடத்தில் ஆளுக்கு 15 சதுர அடி என்றும், நாற்காலிகள் மாத்திரம் நெருக்கமாக இட்ட இடத்தில் ஆளுக்கு 7 சதுர அடி என்றும் கணக்கிடுவது விதிக்கோவையின் முறை. 1,500 சதுர அடிக் கூரையில் விருந்து நடந்தால் 100 பேர். அங்கேயே கூட்டம் நடந்தால் 214 பேர். மக்கள் கூடும் இடத்தில் 49 பேருக்கு மேற்பட்டால் ஒரு வழி போதாது. ஒன்றுக்கொன்று விலகி அமைந்த இரண்டு வழிகள் வேண்டும். 500 பேருக்கு மேற்பட்டால் மூன்று. 1,000 பேருக்கு மேற்பட்டால் நான்கு.

இவ்வழிகள் கூரையிலிருந்து நேரே தெருவுக்கு இறங்குவனவல்ல. கீழுள்ள மாடிகளைக் கடந்தே இறங்குகின்றன. தீயோ பெரும்பாலும் கீழிருந்து மேலே வருவது. ஆதலால், கூரை உணவுச்சாலையில் 100 பேருக்கு மேல் அமர்வார்களாயின், கூரைக்கும் வெளியேறும் தளத்துக்கும் இடைப்பட்ட எல்லா மாடிகளிலும் தானியங்கித் தீயணைப்புக் குழாய்கள் இருக்கவேண்டும் என்று அக்கோவை கட்டளையிடுகின்றது. மேலே விருந்து நடத்துபவர் கீழே ஐந்து மாடிகளுக்கும் நீர்க்குழாய் பொருத்துவதா என்று வணிகர் முணுமுணுக்கலாம். மேலிருப்பவரின் உயிர் கீழ்மாடிகளின் கையில் இருக்கின்றது என்பதே அதற்கு மறுமொழி.

அண்மைக்காலத் திருத்தமொன்றும் குறிப்பிடத்தக்கது. தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் தரையிலிருந்து 75 அடிக்கு மேல் மனிதர் புழங்கும் தளம் இருந்தால் அக்கட்டிடம் உயர்கட்டிடமாகக் கருதப்பட்டு, கடுமையான விதிகளுக்கு உட்படும். முன்னர் உள்தளங்களை மாத்திரமே வைத்து அளந்தார்கள். 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, மனிதர் பயன்படுத்தும் கூரையும் அவ்வளவையிற் சேர்க்கப்பட்டது. ஏணி எட்டாத உயரத்தில் நிற்பவர் அறைக்குள் நிற்கின்றாரா, வெளியில் நிற்கின்றாரா என்பது தீயணைப்பு வீரருக்கு ஒரு பொருட்டன்று.

காத்த கூரையும் கொன்ற கூரையும்

கூரை உயிரைக் காப்பதும் உண்டு. 1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரில் 10 மாடிக் கட்டிடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளியே இருந்த இரும்பு ஏணிப்படி பாரந்தாங்காது முறிந்து விழுந்தது. 146 பேர் மாண்டனர்; அவர்களுள் மிகப் பலர் இளம் பெண்கள். ஆனால், பத்தாம் மாடியில் இருந்தோருட் பெரும்பாலோர் கூரைக்கு ஓடினர். அடுத்திருந்த நியூயோர்க் பல்கலைக்கழகக் கட்டிடத்திலிருந்து மாணவர்கள் ஏணிகளை நீட்டி அவர்களை மீட்டனர். அமெரிக்காவின் தொழிற்சாலைச் சட்டங்களும் வெளியேறும் வழி பற்றிய விதிகளும் வலுப்பெறுவதற்கு அத்தீயே பெருங்காரணமாயிற்று.

இதற்கு மாறான காட்சியை மும்பாய் நகரம் கண்டது. 2017 டிசம்பர் 29ஆம் திகதி, நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில், கமலா மில்ஸ் வளாகத்தில் கூரைமேல் அமைந்த உணவுச்சாலையிலே தீ மூண்டது. மேலே இட்டிருந்த எளிதில் எரியும் பந்தல் தீயை விரைவாகப் பரப்பிற்று. வழி காணாது கழிப்பறைக்குள் ஒதுங்கியோர் புகையால் மூச்சடைத்து இறந்தனர். அன்று மாண்டோர் 14 பேர். வானம் திறந்திருந்தால் மேலே சென்றிருக்கும் புகையைப் பந்தல் தடுத்து வைத்தது. மூடிய கூரை கூரையன்று, மாடியே என்று சட்டம் வற்புறுத்துவதன் பொருளை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது.

மாடியின்மேல் மாடி

இனி, இரண்டாவது ஆசையை நோக்குவோம். புதிய மாடியொன்றைக் கட்டும்போது அது கூரையின்மேல் கட்டப்படுவதாகவே எல்லோரும் பேசுகின்றனர். உண்மையில் அது அத்திவாரத்தின்மேல் கட்டப்படுகின்றது. இடையிலுள்ள தூண்களும் சுவர்களும் அப்பாரத்தைக் கைமாற்றிக் கீழே அனுப்புவன மாத்திரமே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர அடிப் பரப்பும் 5 அங்குலத் தடிப்பும் உள்ள கொங்கிறீற் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கன அடிக் கொங்கிறீற் ஏறத்தாழ 150 இறாத்தல் நிறையுடையது. எனவே தளத்தின் நிறை 62,500 இறாத்தல். அதாவது 28 மெற்றிக் தொன். வீட்டுப் பாவனைக்கென்று சதுர அடிக்கு 40 இறாத்தல் சேர்த்தால் இன்னும் 18 தொன். சுவர்களையும் தரைக் கற்களையும் சேர்க்காமலே 46 தொன் ஆகிவிட்டது. அக்கட்டிடம் வரிசைக்கு மூன்றாக 9 தூண்கள் உடையதாயின், இப்பாரம் அவற்றுக்குச் சமமாகப் பங்கிடப்படுமா? இல்லை. நடுத்தூண் தன்னைச் சுற்றியுள்ள நான்கு பக்கத்துப் பாரத்தையும் ஏற்கின்றது. ஆகவே மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ பதினொன்றரைத் தொன், அந்த ஒரு தூணின் தலையில் புதிதாக வந்து விழும். மூலையிலுள்ள தூண் ஏற்பது பதினாறில் ஒரு பங்கே.

பழைய கட்டிடங்களுக்கென அமெரிக்காவில் வழங்கும் தனி விதிக்கோவை இக்கணக்கையே சட்டமாக்கியிருக்கின்றது. புதிய கட்டுமானத்தால் பழைய தூணோ உத்தரமோ தாங்கவேண்டிய பாரம் 5 வீதத்துக்கு மேல் கூடுமாயின், அவ்வுறுப்பு இன்று புதிதாகக் கட்டப்படும் கட்டிடத்துக்குரிய வலிமையைப் பெறவேண்டும், இல்லையேல் மாற்றப்படவேண்டும். காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்கும் உறுப்புகளுக்கு 10 வீதம்வரை விலக்கு உண்டு. ஒரு முழு மாடியை ஏற்றும்போது இவ்வெல்லைகளுக்குள் நிற்பது அரிது. ஆகவே மேலே கட்டுவதற்கு முன்னர் கீழே வலுப்படுத்துவதே முறையாகின்றது. புதிய மாடியோடு சேர்ந்த முழு உயரமும், அக்கட்டிட வகைக்கு விதித்த உச்சவரம்பைத் தாண்டலாகாது என்பதும் விதி.

நம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளின் கூரைமீது தூண்கம்பிகள் வானத்தை நோக்கி நீண்டுகொண்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். பின்னொரு நாள் மாடி எழுப்பும் விருப்பத்துக்கு அவை அடையாளம். விருப்பத்துக்கு மாத்திரமே அடையாளம், வலிமைக்கு அல்ல. கீழுள்ள தூணும் அத்திவாரமும் அம்மாடியையும் எண்ணியே அமைக்கப்பட்டனவா என்பதை வரைபடமே சொல்லவேண்டும். மேலும், பல ஆண்டுகள் மழையில் நனைந்த கம்பி துருப்பிடித்து மெலிகின்றது. அதன்மேல் ஒட்டவைத்த புதிய தூண், பலவீனமான மூட்டிலேதான் நிற்கும்.

இரண்டு பேரழிவுகள்

தென் கொரியாவின் தலைநகராகிய சியோலில் சம்பூங் என்னும் பெருங்கடைத்தொகுதி 1987ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்றது. முதலில் 4 மாடி என்று வரையப்பட்ட திட்டம் இடையிலே மாற்றப்பட்டு, ஐந்தாம் மாடியொன்று சேர்க்கப்பட்டது. அம்மாடியில் உணவுச்சாலைகள் வந்தன. கொரிய வழக்கப்படி தரையைச் சூடாக்கும் குழாய்கள் பதித்ததனால் தளம் இன்னும் தடித்துப் பாரமாயிற்று. உத்தரங்கள் இன்றித் தூண்களின்மேல் நேரே தளம் அமரும் அமைப்பு அது. 80 சதமமீற்றர் இருக்கவேண்டிய தூண்கள் 60 சதமமீற்றராகக் குறைக்கப்பட்டிருந்தன. கூரையில் பாரமான குளிர்சாதன இயந்திரங்கள் இருந்தன. அயலவர் இரைச்சலைப் பற்றி முறையிட்டதனால், 1993ஆம் ஆண்டில் அவை பாரந்தூக்கியால் தூக்கப்படாமல் கூரையின்மீதே இழுத்து நகர்த்தப்பட்டன. அதனால் வெடிப்புகள் தோன்றின.

1995 ஜூன் 29ஆம் திகதி காலையில் வெடிப்புகள் பெருகின. மேல்மாடி மூடப்பட்டது, கீழே வியாபாரம் தொடர்ந்தது. மாலை 6 மணிக்குச் சற்று முன்னர் தூண்கள் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலெழ, தளங்கள் ஒன்றன்மேலொன்றாக விழுந்து நொறுங்கின. 502 பேர் இறந்தனர். 900 பேருக்கு மேல் காயமுற்றனர். உரிமையாளர் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் பங்களாதேஷில் அதே கதை பெரிதாக நிகழ்ந்தது. டாக்காவுக்கு அருகே சாவார் என்னும் ஊரில் இருந்த ரானா பிளாசா 8 மாடிக் கட்டிடம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எனக் கட்டப்பட்ட அதில், உரிய அனுமதியின்றி எழுப்பிய மேல்மாடிகளும் இருந்தன. அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. தையல் இயந்திரங்களோடு பாரமான மின்பிறப்பாக்கிகளும் மேலே ஏற்றப்பட்டிருந்தன. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாட் காலையில் ஆடைத் தொழிலாளரோ வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டனர். மின்சாரம் தடைப்பட, மின்பிறப்பாக்கிகள் அதிர்ந்து இயங்கத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டிடம் முழுவதும் இடிந்தது. இறந்தோர் 1,100 பேருக்கும் மேற்பட்டோர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக அமைந்தவற்றை மாணவர்கள் கவனிக்கவேண்டும். இரண்டிலும் மாடி கூடியது; இரண்டிலும் கட்டிடத்தின் நோக்கம் மாறியது; இரண்டிலும் மேலே பாரமான இயந்திரங்கள் இருந்தன; இரண்டிலும் கட்டிடம் வெடிப்புகளின் மூலம் முன்னரே எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையைக் கண்டும் நட்டத்துக்கு அஞ்சியோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

முறையாக எழுந்த மாடிகள்

மேலே கட்டுதல் என்றாலே அழிவு என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மருத்துவக் காப்புறுதி நிறுவனமொன்றின் தலைமையகம் 1997ஆம் ஆண்டில் 33 மாடிகளோடு நிறைவெய்தியது. பின்னர் அதன்மேல் 24 மாடிகள் எழுப்பப்பட்டு, 2010ஆம் ஆண்டில் அது 57 மாடிக் கோபுரமாயிற்று. கீழே ஊழியர் தம் அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மேலே கட்டுமானம் நடைபெற்றது. பின்னால் வரப்போகும் மாடிகளின் பாரத்தையும் எண்ணியே முதல்நாளிலேயே அத்திவாரமும் தூண்களும் அமைக்கப்பட்டன. மின்தூக்கிகளுக்கும் இடம் விடப்பட்டது. அதனாலேயே இது கைகூடியது.

கூரைக்கும் இத்தகைய நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் லெ கொர்பூசியே பிரான்சின் மார்செய் நகரில் அமைத்து, 1952ஆம் ஆண்டில் நிறைவுசெய்த குடியிருப்பின் கூரையிலே சிறுவர் விளையாடும் ஆழமற்ற நீர்த்தடாகமும், ஓடுபாதையும், பாலர் பள்ளியின் திறந்த வெளியும் இடம்பெற்றன. அக்கூரை, கட்டி முடித்தபின் கண்ணிற்பட்ட வெற்றிடமன்று. வரைபடத்திலேயே மனிதருக்கென ஒதுக்கப்பட்ட தளம்.

நம் வீடுகளுக்கு

இலங்கையிலும் இதற்கெனச் சட்டம் இல்லாமலில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, உள்ளூராட்சிச் சபையின் எழுத்துமூல அங்கீகாரம் பெற்ற வரைபடம் இன்றி எவரும் வீடு கட்டலாகாது. உள்ள வீட்டில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்கவும் கூடாது. கட்டி முடித்த பின்னரும், எல்லாம் விதிப்படி அமைந்தன என்னும் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை, காவலாளியைத் தவிர வேறெவரும் அங்கே குடியிருக்கலாகாது என்பது அச்சட்டத்தின் கட்டளை. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விதியை வெறும் பத்திரத் தொல்லையாகவே நம்மிற் பலர் கருதுகின்றோம்.

எனவே, கூரையைப் பயன்படுத்தவோ அதன்மேல் கட்டவோ விரும்பும் குடும்பத்தார், கொத்தனாரிடம் செலவைக் கேட்பதற்கு முன்னர் வேறு சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். வீட்டின் பழைய வரைபடம் எங்கே? அத்திவாரமும் தூண்களும் எத்தனை மாடிக்கென அமைக்கப்பட்டன? நிலத்தின் இயல்பு என்ன? மேலிருப்போர் இறங்குவதற்கு எத்தனை வழிகள் உண்டு? கைபிடிச்சுவர் குழந்தையைத் தடுக்குமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தகுதி பெற்றவர் பட்டயம் பெற்ற பொறியியலாளரே. அவருக்குக் கொடுக்கும் கட்டணம், ஒரு தளத்துக்கு இடும் சீமெந்தின் விலையோடு ஒப்பிடுகையில் பெரிதன்று.

மேல்மாடி கட்டுவோர் தாம் மேலே குடியேறப் போவதையே எண்ணிக் கட்டுகின்றனர். அதன் பாரத்தைச் சுமக்கப்போவது கீழ்மாடி. அங்கேதான் பெரும்பாலும் முதிய பெற்றோர் உறங்குகின்றனர், பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். தூண் தன் பாரத்தைப் பற்றி வாய்திறந்து முறையிடாது. அதன் சார்பிலே கேள்வி கேட்பதற்காகவே விதிகள் எழுதப்பட்டன. அக்கேள்விகளுக்கு விடை கண்டபின் கட்டுவோமாயின், மகளுக்கென எழுப்பும் மாடியின் கீழே பெற்றோரும் அச்சமின்றி உறங்கலாம்.